மணி அடிக்காத கார்டு

போன வருஷம் எங்கள் டிபார்ட்மென்ட் சிம்போசியம் முடிந்ததும், கலந்துகொண்டவர்களுக்கு சர்டிபிகேட் அனுப்பும் வேலை என் தலையில் விழுந்தது. பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஒரு ஃபோல்டர் முழுக்க பி.டி.எஃப் ஃபைல்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒருத்தருடைய பெயர். கடைசியில் இருக்கும் டாட் பி.டி.எஃப் என்ற வாலை வெட்டிவிட்டு, மிச்சமிருக்கும் பெயரை ரெஜிஸ்ட்ரேஷன் லிஸ்ட்டில் தேடி, அந்த மெயில் ஐ.டி.க்கு அனுப்ப வேண்டும். பைத்தானில் பத்து வரி. ராத்திரி பதினொரு மணிக்கு எழுதினேன், ரன் பண்ணினேன், எரர் எதுவும் வரவில்லை, நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் ஆனந்த் என்று ஒரு ஜூனியர் வந்து நின்றான். சர்டிபிகேட் வரவில்லையாம். மதியம் பிரதீப் வந்தான். சாயங்காலம் ஆசிஃப். மூணு பேருக்கும் என்ன சம்பந்தம்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்க. ஒன்று டி-யில் முடிகிறது, ஒன்று பி-யில், ஒன்று எஃப்-இல்.

நான் வாலை வெட்டப் பயன்படுத்தியது ஆர்-ஸ்ட்ரிப் ஃபங்ஷன். அதற்கு நீங்கள் நாலு எழுத்து கொடுத்தால், அதை ஒரு வார்த்தையாக அது பார்க்காது. ஒரு பை நிறைய எழுத்துகளாகத்தான் பார்க்கும். கடைசியில் நிற்கும் எழுத்து அந்தப் பைக்குள் இருக்கும் வரை வெட்டிக்கொண்டே போகும். டாட் பி.டி.எஃப் போன பிறகும் கத்தி நிற்கவில்லை; ஆனந்தின் கடைசி டி-யும் போய்விட்டது. அப்படி ஒரு பெயர் லிஸ்ட்டில் இல்லை. பெயர் கிடைக்காவிட்டால் சத்தம் போடாமல் அடுத்த ஃபைலுக்குப் போ என்று நானேதான் எழுதி வைத்திருந்தேன். அதனால் எரரும் வரவில்லை.

அன்றைக்கு உட்கார்ந்து, இந்த வால் வெட்டும் வேலை எங்கிருந்துதான் வந்தது என்று தேட ஆரம்பித்தேன். டெக்ஸ்ட் அரேயில் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்பேஸை நாம் ஏன் எப்போதும் ட்ரிம் பண்ணிக்கொண்டே இருக்கிறோம்? தேடித் தேடிப் போனதில் ஒரு மீசைக்கார இன்ஜினியரிடம் போய் நின்றேன். பெயர் ஹெர்மன் ஹாலரித். ஐ.பி.எம் கம்பெனியின் வேர்களில் ஒருவர் என்று ஃபர்ஸ்ட் இயர் புத்தகத்தில் ஒரு வரியில் படித்திருப்பீர்கள், பரீட்சை முடிந்ததும் மறந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான். அவர் கதை ஒரு வரியில் முடிகிற கதை இல்லை.

ஹாலரித் பிறந்தது 1860 பிப்ரவரி 29, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் பஃபலோ நகரில். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். பிறந்தநாளைக் கவனித்தீர்களா? லீப் வருஷம். அதிலும் 1900 லீப் வருஷம் கிடையாது என்பதால், 1896-க்கு அப்புறம் அவருக்கு அடுத்த பிறந்தநாள் 1904-இல்தான் வந்தது. எட்டு வருஷ இடைவெளி. டேட் வேலிடேஷன் எழுதுகிறவர்கள் பயப்படுகிற எட்ஜ் கேஸாகவே மனுஷன் பிறந்திருக்கிறார்.

சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மாதான் வளர்த்தார். பள்ளிக்கூடத்தில் ஹாலரித்துக்கு ஸ்பெல்லிங் வரவே வராது. ஸ்பெல்லிங் வகுப்பிலிருந்து தப்பிக்க ஜன்னல் வழியாக வெளியே குதித்தார் என்றுகூட ஒரு கதை சொல்வார்கள். கடைசியில் பள்ளியை விட்டு எடுத்து, வீட்டில் தனியாக ஆசிரியர் வைத்துப் படிக்க வைத்தார்கள். ஸ்பெல்லிங்குக்குப் பயந்த இந்தப் பையனின் பெயர்தான் பின்னாளில் கம்ப்யூட்டரில் எழுத்துகளைச் சேமிக்கும் ஒரு முறைக்கே வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

1879-இல், பத்தொன்பது வயதில், கொலம்பியாவின் ஸ்கூல் ஆஃப் மைன்ஸில் இன்ஜினியரிங் முடித்தார். நம்மைவிட இரண்டு வயது சின்னவர். ட்ரோபிரிட்ஜ் என்ற அவருடைய பேராசிரியர் அப்போது 1880 சென்சஸிலும் ஒரு பொறுப்பில் இருந்தார். மாணவனையும் வாஷிங்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதல் வேலை, அரசாங்க ஆபீஸ்.

அங்கே அவர் பார்த்த காட்சியை நீங்கள் கற்பனை பண்ணிப் பாருங்க. ஐந்து கோடி மக்களின் விவரங்கள், எல்லாம் காகிதத்தில். எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், எந்தத் தொழிலில் எத்தனை பேர் என்று ஒவ்வொரு கேள்விக்கும் கிளார்க்குகள் அந்தக் காகிதங்களை மறுபடி மறுபடி புரட்டி, கோடு கோடாகப் போட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். மொத்த வேலையும் முடிய ஏழெட்டு வருஷம் ஆனது. பத்து வருஷத்துக்கு ஒரு முறை சென்சஸ். மக்கள்தொகையோ ஏறிக்கொண்டே போகிறது. இந்த வேகத்தில் போனால் ஒரு சென்சஸ் முடிவதற்குள் அடுத்தது வந்து நின்றுவிடும்.

சென்சஸில் பிறப்பு இறப்புக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற டாக்டர். ஒரு நாள் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேச்சு இந்தப் பக்கம் திரும்பியது. இந்த எண்ணிக்கை வேலையைச் செய்ய ஒரு மெஷின் இருக்க வேண்டும் என்று பில்லிங்ஸ் சொன்னார். ஹாலரித் அதைப் பிடித்துக்கொண்டார். பிறகு பில்லிங்ஸையே பார்ட்னராகச் சேரக் கூப்பிட்டும் பார்த்தார். பிரச்சினை தீர்ந்தால் போதும், எனக்கு வேறெதுவும் வேண்டாம் என்கிற மாதிரி அவர் ஒதுங்கிக்கொண்டார். விதை யார் போட்டது என்பதை ஹாலரித் மறைக்கவில்லை. இது எனக்கு அவரிடம் பிடித்த விஷயம்.

1882-இல் எம்.ஐ.டி.யில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சொல்லிக்கொடுக்கப் போனார். ஒரு வருஷம்தான். வாத்தியார் வேலை ஒத்துவரவில்லை. அடுத்து பேட்டன்ட் ஆபீஸில் வேலை. அதுவும் கொஞ்ச நாள்தான். ஆனால் பேட்டன்ட் எப்படி எழுத வேண்டும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டார். 1884-இல் சொந்தமாக முதல் விண்ணப்பத்தைப் போட்டார். இடையில் ரயில் பிரேக்குகளை மின்சாரத்தால் இயக்கவும் முயற்சி செய்தார். அதில் பெரிதாக எதுவும் கைகூடவில்லை. ப்ராஜெக்ட் டாபிக்கை மாற்றி மாற்றி அலையும் நமக்கு இது ஒரு ஆறுதல்.

அவருடைய முதல் டிசைன் கார்டு இல்லை. நீளமான காகித ரிப்பன். அதில் வரிசையாக ஓட்டை போட்டு, மெஷின் வழியாக ஓட விடுவது. பிரச்சினை என்னவென்று டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் படித்த உங்களுக்கே புரியும். நடுவில் இருக்கும் ஒரு ஆளின் விவரம் வேண்டுமென்றால் ரிப்பனை அதுவரை சுற்ற வேண்டும். ஒரு ஆளை மட்டும் தனியே எடுக்க முடியாது, வரிசையை மாற்ற முடியாது.

அப்போதுதான் ஒரு ரயில் பயணம் அவருக்கு ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் சில ரயில்களில் டிக்கெட்டை வேறு யாரும் திருடிப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக, கண்டக்டர் பயணியைப் பார்த்து, முடி என்ன நிறம், கண் என்ன நிறம், மூக்கு எப்படி என்று டிக்கெட்டின் ஓரத்தில் ஓட்டை போட்டுக் கொடுப்பார். ஓட்டைகளாலேயே ஒரு ஆளின் அடையாளம். ஹாலரித் முடிவு செய்துவிட்டார். ஒரு மனிதனுக்கு ஒரு கார்டு.

முதல் பெரிய சோதனை பால்டிமோர் நகரத்தின் இறப்புக் கணக்கு. கண்டக்டர் வைத்திருக்கும் அதே மாதிரி கைப் பஞ்ச்சை வைத்து, ஆயிரக்கணக்கில் கார்டுகளை அவரே உட்கார்ந்து ஓட்டை போட்டார். கை வீங்காத குறை. அந்த வலியில்தான், கையை லேசாக நகர்த்தினாலே கார்டில் சரியான இடத்தில் ஓட்டை விழுகிற பஞ்ச் மெஷின் ஒன்றை உருவாக்கினார். யூசருக்கு எங்கே வலிக்கும் என்று தெரிய வேண்டுமானால் நாமே யூசராக இருக்க வேண்டும். இதை அவருக்கு யாரும் கிளாஸ் எடுத்துச் சொல்லவில்லை.

மெஷின் எப்படி வேலை செய்தது என்று சொல்கிறேன், ரொம்ப எளிமை. கார்டை ஒரு பிரஸ்ஸுக்கு அடியில் வைத்து கைப்பிடியை இறக்கினால், ஸ்பிரிங் வைத்த ஊசிகள் கார்டின் மேல் இறங்கும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி கார்டில் மோதி நின்றுவிடும். ஓட்டை இருக்கும் இடத்தில் உள்ளே போய், அடியில் இருக்கும் பாதரசக் கிண்ணத்தைத் தொடும். சர்க்யூட் முழுமையாகும். எதிரே கடிகாரம் மாதிரி இருக்கும் டயல்களில் அதற்குரிய முள் ஒரு அடி நகரும். கூடவே பக்கத்தில் இருக்கும் சார்ட்டிங் பெட்டியில் ஒரு மூடி திறக்கும். அந்த அறைக்குள் கார்டைப் போட வேண்டியதுதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சின்ன மணி. கார்டு சரியாகப் படிக்கப்பட்டால் மணி அடிக்கும். கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு ஓட்டை விடுபட்டிருந்தால் மணி அடிக்காத மாதிரி வயரிங் செய்ய முடியும். மணி அடிக்கவில்லையா, அந்தக் கார்டைத் தனியே எடுத்து வை, மூல காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார், சரி செய். யோசிச்சுப் பாருங்க. கார்டில் ஓட்டை இல்லாத இடம் என்றால் இரண்டு அர்த்தம் இருக்கலாம். அங்கே சொல்ல ஒன்றும் இல்லை என்பது ஒன்று. சொல்ல வேண்டியதை கிளார்க் மறந்துவிட்டார் என்பது இன்னொன்று. பார்வைக்கு இரண்டும் ஒரே வெற்றிடம். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க அவர் வைத்தது அந்த மணி.

1889-இல், அடுத்த சென்சஸுக்கு எந்த முறை என்று தீர்மானிக்க ஒரு போட்டி வைத்தார்கள். மூன்று முறைகள். செயின்ட் லூயிஸ் நகரத்தின் சுமார் பத்தாயிரம் பேரின் விவரங்கள். விவரங்களைக் கார்டுக்கு மாற்ற ஹாலரித்தின் முறைக்கு 72 மணி நேரம் ஆனது. மற்ற இரண்டுக்கும் 100 மணி நேரத்துக்கு மேல். அடுத்து எண்ணும் வேலை. மற்ற இரண்டும் 44 மணி, 55 மணி எடுத்தன. ஹாலரித்தின் மெஷின் ஐந்தரை மணி நேரத்தில் முடித்துவிட்டது. அதற்கப்புறம் விவாதமே இல்லை. அந்த வருஷமே அவருக்கு பேட்டன்ட்டும் வந்தது. 1890-இல் இதே வேலைக்காக கொலம்பியா அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. கல்யாணமும் அந்த வருஷம்தான். மனைவி பெயர் லூசியா டால்காட்.

1890 சென்சஸின் முதல் மொத்த எண்ணிக்கை அந்த வருஷக் கடைசிக்குள் வந்துவிட்டது. 6 கோடியே 26 லட்சம் சொச்சம். எல்லோரும் கை தட்டியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. நாடு இன்னும் பெரிதாக வளர்ந்திருக்கும் என்று பலரும் எதிர்பார்த்திருந்தார்கள். எண்ணிக்கை குறைவாகத் தெரிந்ததும் பழி மெஷின் மேல் விழுந்தது. மெஷின் ஆட்களைத் தின்றுவிட்டது என்கிற மாதிரி பத்திரிகைகள் பேசின. ஆனால் அந்த எண்ணிக்கை நின்றது. ஆஸ்திரியா, கனடா என்று வேறு நாடுகளும் அவர் மெஷினை எடுத்துக்கொண்டன. 1897-இல் ரஷ்யாவின் சென்சஸுக்கும் அதுதான்.

சென்சஸ் பத்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். நடுவில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? ரயில் கம்பெனிகளிடம் போனார். சரக்குக் கணக்கு பார்க்க நியூயார்க் சென்ட்ரல் ரயில்வே அவர் மெஷினை எடுத்துக்கொண்டது. 1896-இல் டேபுலேட்டிங் மெஷின் கம்பெனியைத் தொடங்கினார். மெஷினை விற்க மாட்டார், வாடகைக்குத்தான் விடுவார். கார்டையும் அவரிடமே வாங்க வேண்டும். இன்றைய சப்ஸ்கிரிப்ஷன் பிசினஸ் மாடல் எல்லாம் புதுசுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நம்முடைய வால் பிறந்த இடம் இந்த வியாபாரக் கார்டுதான். சென்சஸ் கார்டில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு அர்த்தம் இருந்தது. ரயில்வேக்கு வேண்டியதோ எண்கள். அதனால் கார்டை நெட்டுக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு இலக்கம் என்று வைத்தார்கள். இத்தனையாவது கட்டத்திலிருந்து இத்தனையாவது கட்டம் வரை சரக்கின் எடை, அடுத்த இத்தனை கட்டம் தொகை. ஒவ்வொரு விவரத்துக்கும் முன்கூட்டியே அளந்து வைத்த இடம். நாம் இன்றைக்கு ஃபிக்ஸட் வித் என்று சொல்கிறோமே, அது.

சென்சஸோடு அவருக்கு இருந்த உறவு நிலைக்கவில்லை. 1903-இல் நார்த் என்பவர் சென்சஸ் இயக்குநராக வந்தார். ஹாலரித் கேட்கும் வாடகை அநியாயம் என்று அவருக்குத் தோன்றியது. ஹாலரித் ஒரு பைசா இறங்கவில்லை. பேசிப் பேசி முறிந்துபோனது. சென்சஸ் பீரோ தானே மெஷின் செய்ய ஆட்களை வைத்தது. அதில் ஜேம்ஸ் பவர்ஸ் என்ற இன்ஜினியர் பின்னால் ஹாலரித்துக்கே போட்டியாகக் கம்பெனி ஆரம்பித்தார். ஹாலரித் கோர்ட்டுக்குப் போனார், பயன் இல்லை. எந்தச் சென்சஸுக்காக மெஷினைக் கண்டுபிடித்தாரோ, அந்தச் சென்சஸ் 1910-இல் அவர் இல்லாமலே நடந்தது.

எதை விடுவது, எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் போன இடம் இது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் கேட்டது நியாயமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் இருபது வருஷ உழைப்பை ஒருவர் தன் பிடிவாதத்தாலேயே தொலைத்ததைப் படிக்கும்போது மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

1911-இல், உடம்பும் முடியாமல், கம்பெனியை விற்றார். அது வேறு சில கம்பெனிகளோடு சேர்ந்து ஒன்றானது. ஆலோசகராகக் கொஞ்ச காலம் இருந்தார். 1921-இல் முழுசாக ஒதுங்கி, பண்ணையில் மாடு வளர்த்தார். அந்தக் கூட்டுக் கம்பெனிதான் 1924-இல் ஐ.பி.எம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1928-இல் ஐ.பி.எம் 80 கட்டங்கள் கொண்ட கார்டை வெளியிட்டது. அடுத்த வருஷம், 1929 நவம்பர் 17 அன்று, ஹாலரித் வாஷிங்டனில் இறந்தார்.

மெயின் கதை அங்கே முடிகிறது. ஆனால் அவருடைய வால் இன்னும் நீள்கிறது.

1930-களில் அந்தக் கார்டில் எழுத்துகளும் வந்தன. பெயருக்கு இருபது கட்டம் ஒதுக்கியிருந்தால், நாலு எழுத்துப் பெயருக்குப் பின்னால் பதினாறு கட்டம் வெறுமையாகப் போகும். கார்டில் அது ஓட்டை இல்லாத இடம். கம்ப்யூட்டருக்குள் வந்ததும் அதுவே ஸ்பேஸ் என்ற எழுத்தாகிவிட்டது. 1957-இல் ஐ.பி.எம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியிலும் ஒரு வரி என்றால் ஒரு கார்டு. 72-வது கட்டத்துக்கு அப்புறம் என்ன எழுதினாலும் கம்பைலர் சத்தமில்லாமல் விட்டுவிடும். அதில் எழுத்துகளைக் கொடுக்க ஒரு முறை இருந்தது: முதலில் எத்தனை எழுத்து என்று எண்ணி ஒரு எண், பிறகு எச் என்ற எழுத்து, பிறகு அத்தனை எழுத்துகள். அந்த எச், ஹாலரித். ஜன்னல் வழியாகக் குதித்த பையனின் பெயரால், ப்ரோக்ராமர்கள் பல வருஷம் ஸ்பெல்லிங் எண்ணினார்கள். ஒன்று கூட எண்ணிவிட்டால் அடுத்து நிற்கும் எழுத்தையும் சேர்த்து விழுங்கிவிடும்.

ஃபோர்ட்ரான் 77-இல் எழுத்துக்கென்றே ஒரு டேட்டா டைப் வந்தது. ஆனால் அளவு முன்பே சொல்லியாக வேண்டும், மீதி ஸ்பேஸால் நிரம்பும். அந்த வாலை வெட்ட ட்ரிம் என்ற ஃபங்ஷன் ஃபோர்ட்ரான் 90-இல் வந்தது. நீங்கள் மெஷின் லேர்னிங் லேபில் பயன்படுத்தும் நம்பை அரேயிலும் இதே ரத்தம்தான் ஓடுகிறது. சாதாரணமாக ஒரு பெயர் லிஸ்ட்டை நம்பை அரேயாக மாற்றினால், அதில் இருக்கும் நீளமான பெயரை வைத்து எல்லோருக்கும் ஒரே அகலம் ஒதுக்கும். அப்புறம் அதைவிட நீளமான பெயரை அதில் போட்டால் மிச்ச எழுத்து போய்விடும். எரர் வராது. மணி அடிக்காது.

இப்போது என் பத்து வரிக்குத் திரும்புகிறேன். சரி செய்வது சுலபம். பைத்தான் 3.9-இலிருந்து ரிமூவ்-சஃபிக்ஸ் இருக்கிறது. அது பையாகப் பார்க்காமல் முழு வாலாகப் பார்க்கும், இருந்தால் ஒரே ஒரு தடவை வெட்டும். கடைசியில் இருக்கும் ஸ்பேஸ் மட்டும் போக வேண்டுமென்றால் ஆர்-ஸ்ட்ரிப்புக்கு எதுவும் கொடுக்காமல் கூப்பிட்டால் போதும். ஃபோன் கீபோர்டு பெயருக்குப் பின்னால் தானே ஒரு ஸ்பேஸ் சேர்த்துவிடும் என்பதால் அதையும் இரண்டு லிஸ்ட்டிலும் செய்துவிட்டேன்.

ஆனால் உண்மையான தப்பு அந்த ஃபங்ஷனில் இல்லை. பெயர் கிடைக்காவிட்டால் கண்டுகொள்ளாதே என்று நான் எழுதிய அந்த ஒரு வரியில் இருந்தது. 1890-இல், பாதரசத்தையும் வயரையும் வைத்துக்கொண்டு, ஒரு கார்டு சரியில்லை என்றால் அதைத் தனியே எடுத்து வைக்க ஒருத்தர் வழி செய்திருந்தார். ஏனென்றால் ஒவ்வொரு கார்டும் ஒரு ஆள். என்னிடம் லேப்டாப்பும் இன்டர்நெட்டும் இருந்தும், மூணு ஆட்களைச் சத்தமில்லாமல் தாண்டிப் போக நான் வழி செய்திருந்தேன்.

அந்த வரியை எடுத்துவிட்டேன். இப்போது லிஸ்ட்டில் கிடைக்காத பெயர்கள் தனி ஃபைலில் போய் விழும். எத்தனை என்று கடைசியில் ஸ்க்ரீனில் காட்டும். மறுபடி ரன் பண்ணியபோது ஆனந்த், பிரதீப், ஆசிஃப் மூணு பேருக்கும் மெயில் போனது. தனி ஃபைலில் ஒரே ஒரு பெயர் இருந்தது. வெளிக் காலேஜிலிருந்து வந்த ஒரு ஃபர்ஸ்ட் இயர் பெண். ரெஜிஸ்ட்ரேஷனில் இனிஷியல் முன்னால், சர்டிபிகேட்டில் பின்னால். அவர் வந்து கேட்கவே இல்லை. கேட்டிருக்கவும் மாட்டார்னு நினைக்கிறேன். அன்றைக்கு ராத்திரியே கையால் அனுப்பினேன்.

அடுத்த தடவை நீங்கள் ஒரு அரேயின் வாலை வெட்டும்போது, வெட்டுவதற்கு முன்னால் எத்தனை பெயர், வெட்டிய பிறகு எத்தனை பெயர் பொருந்தியது என்று ஒரு வரி சேர்த்துப் பிரின்ட் பண்ணிப் பாருங்க. அதுதான் உங்கள் மணி.